வைல்டரின் வலது கை: நிஜமா, வெத்து வேட்டா?

பிப்ரவரி 2, 2020, மாலை (தம்பி ஒருவர் கேட்டது)

"அண்ணே, 43 சண்டையில் 41 நாக்அவுட் என்று ஊரே ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் டியோன்டே வைல்டரைத் தூக்கி வைத்து ஆடுகிறது. பட்டியலை எடுத்துப் பார்த்தால் முதல் முப்பது பேரில் ஒருத்தனைக்கூட எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஆள் என்று ஒருத்தர் வந்தார், டைசன் ஃப்யூரி. அவரை ரெண்டு தடவை கீழே தள்ளியும் முடிக்க முடியவில்லை, டிராவில் போனது. என் கணக்குப்படி இந்த ஆளின் அடி சராசரிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மீதியெல்லாம் பொறுக்கியெடுத்த எதிராளிகள். 22ஆம் தேதி லாஸ் வேகஸில் ஃப்யூரியோடு நடக்கப்போகிற மறுசண்டையில் சாயம் வெளுத்துவிடும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

பிப்ரவரி 2, இரவு

பட்டியல் பொறுக்கியெடுத்தது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. முதல் 32 சண்டையும் நாலு ரவுண்டுக்குள் முடிந்தவை. ஆனால் அதிலிருந்து "அடி பொய்" என்று ஒரே தாவாகத் தாவுவது சரியில்லை. அலபாமாவில் டஸ்கலூசாக்காரர். இருபது வயதை ஒட்டித்தான் க்ளவுஸே மாட்டியிருக்கிறார், அதுவும் முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த மகளின் வைத்தியச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று. மூன்றே வருடத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். மற்றவர்கள் பத்து வயதில் கற்றுக்கொண்டதை இவர் காசு வாங்கிக்கொண்டு ரிங்குக்குள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஆளுக்கு மேனேஜர்கள் முதல் ஐந்து வருடம் சிங்கத்தையா பிடித்துத் தருவார்கள்?

2015 ஜனவரியில் பெர்மேன் ஸ்டைவர்னை வென்று டபிள்யூபிசி என்கிற அமைப்பின் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கினார். அது பன்னிரண்டு ரவுண்டும் ஓடி, புள்ளிக் கணக்கில் வந்த வெற்றி. அதற்கப்புறம் பத்துத் தடவை பட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறார், அந்தப் பத்தில் ஃப்யூரி ஒருவரைத் தவிர யாரும் கடைசி மணியைக் கேட்கவில்லை. ஸ்டைவர்னையே 2017 நவம்பரில் மறுபடி கூப்பிட்டு முதல் ரவுண்டிலேயே மூன்று தடவை படுக்கப் போட்டு அனுப்பினார். அதாவது இதுவரை எதிரே வந்து நின்ற அத்தனை பேரிலும், என்றைக்காவது ஒரு நாள் இவரிடம் நாக்அவுட் ஆகாதவர் ஃப்யூரி மட்டும்தான். சராசரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற அடி இந்த வேலையைச் செய்யாது தம்பி.

பிப்ரவரி 3, மதியம்

"பொதுவான எதிராளிகளை வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடுமே" என்று துபாயிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். நேற்று தூக்கம் வராமல் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொமினிக் பிரீசீலை முடிக்க 2016இல் ஆன்டனி ஜோஷுவாவுக்கு ஏழு ரவுண்டு ஆனது. வைல்டர் போன மே மாதம் ப்ரூக்ளினில் அதே ஆளை 2 நிமிடம் 17 நொடியில் ஒரே ஒரு நேர் வலதில் மல்லாத்தினார். ஆகா, முடிந்தது வழக்கு என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அடுத்த பெயர் எரிக் மொலினா. கிறிஸ் அர்ரியோலா 2012இல் மொலினாவை முதல் ரவுண்டிலேயே அனுப்பிவிட்டார். ஜோஷுவாவுக்கு மூன்று ரவுண்டு. நம் ஆளுக்கு ஒன்பது! அப்புறம் பிரான்ஸ்காரர் ஜோஹான் டுஹோபா. பொவெட்கினிடம் ஆறாவது ரவுண்டில் போனவர், வைல்டரிடம் பதினொன்று வரைக்கும் நின்றார். அதிலும் கீழே விழவே இல்லை, நடுவர்தான் இடையில் புகுந்து நிறுத்தினார்.

ஆக, இந்தக் கணக்கு உங்களுக்கும் சாட்சி சொல்லும், எனக்கும் சாட்சி சொல்லும்.

பிப்ரவரி 3, இரவு

மதியம் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மொலினா, டுஹோபா ரெண்டுமே 2015. ஸ்டைவர்னோடு மோதிய முதல் சண்டையில் வலது கையில் அடிபட்டிருந்த வருடம் அது. அடுத்த வருடம் அர்ரியோலாவை அடிக்கும்போது வலது கை எலும்பு முறிந்து, பைசெப்ஸ் தசையும் கிழிந்து, மிச்ச ரவுண்டுகளை இடது கையை வைத்தே ஓட்டினார். பிறகு அறுவை சிகிச்சை. தன் கையையே உடைத்துக்கொள்கிற அளவுக்கு அடிப்பதைப் பலம் என்று சொல்வதா, டெக்னிக் சரியில்லை என்று சொல்வதா என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குழப்பம். ரெண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். குச்சி மாதிரிக் கால், சுழற்றி வீசும் கை, அடித்த வேகத்தில் தானே தடுமாறி அரைவட்டம் போய் நிற்பது. எங்கள் மாஸ்டர் பார்த்திருந்தால் ஸ்கிப்பிங் கயிற்றாலேயே ரெண்டு போட்டிருப்பார்.

பிப்ரவரி 4

மாலிக் ஸ்காட் சண்டையை (2014, போர்ட்டோ ரிக்கோ) இழுத்துவிட்டீர்கள். இழுப்பீர்கள் என்று தெரியும். முதல் ரவுண்டிலேயே ஸ்காட் விழுந்த விதத்தைப் பார்த்து அப்போதே ஊர் சிரித்தது, அந்த அடி பட்டதா உரசியதா என்று இன்றைக்கும் ஸ்லோமோஷனில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. சரி, அதைக் கழித்துவிடுங்கள். 40 இருக்கிறதே, போதாதா?

பிப்ரவரி 6

இப்போது மெஷின் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. யூஎஃப்சி என்கிற கலப்புச் சண்டைப் போட்டியில் ஆடும் ஃபிரான்சிஸ் நாகானு ஒரு மெஷினைக் குத்தி 1,29,161 எடுத்தாராம், வைல்டரையும் அதில் குத்தவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாம். அந்த எண் என்ன அலகு என்று யாராவது கேட்டீர்களா? நியூட்டனும் இல்லை, பவுண்டும் இல்லை, மெஷின் செய்தவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட ஒரு கணக்கு. அதை எடுத்து "கார் வந்து மோதியது போல" என்று டிவியில் பேசினால் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும்.

ஒழுங்காக அளந்த வேலைகளும் உண்டு. 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. அன்றைக்கு உலகப் பட்டத்துக்குக் குறிவைத்துக்கொண்டிருந்த ஃபிராங்க் புரூனோவைக் கூட்டிவந்து, கருவிகள் பொருத்திய, மெத்தை சுற்றிய ஒரு எடையைத் தொங்கவிட்டு அதைக் குத்தச் சொன்னார்கள். முஷ்டி கிளம்பிப் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் அரை மீட்டர் கடந்து, நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. உச்ச விசை 4,096 நியூட்டன். ஆறு கிலோ எடையுள்ள ஒரு மரச் சுத்தியலுக்கு மெத்தை சுற்றி, மணிக்கு இருபது மைல் வேகத்தில் வீசினால் என்னவோ அது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தாடை வலித்தது.

சரி, அப்படி அளக்கப்பட்ட புரூனோ என்ன ஆனார்? 40 வெற்றியில் 38 நாக்அவுட், வைல்டர் விகிதத்துக்குப் பக்கத்தில். தோற்றது ஐந்து. அந்த ஐந்திலும் அவர்தான் நாக்அவுட். போன்கிரஷர் ஸ்மித், விதர்ஸ்பூன், டைசனிடம் ரெண்டு தடவை, லெனாக்ஸ் லூயிஸ். 4,096 நியூட்டன் அவர் கையில்தான் இருந்தது, அதைக் கொண்டு போய்ச் சேர்க்க எதிராளி விடவில்லை.

பிப்ரவரி 6, சற்றுக் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்ப நீங்களும் எங்க கட்சிதானே?" என்று தம்பி சந்தோஷப்படுகிறார். பொறுங்கள். எவ்வளவு அடி இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதை எத்தனை தடவை போட விடுவார்கள் என்பது வேறு கேள்வி. நீங்கள் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு ரெண்டாவதற்கான ஆதாரத்தைக் கொண்டு வருகிறீர்கள். நானும் நாலு நாளாக அதே சேற்றில்தான் கால் வைத்துக்கொண்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

பிப்ரவரி 7

இதை நான் வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன். காலேஜ் நாட்களில் கொஞ்ச காலம் பாக்ஸிங் கற்றுக்கொண்டேன். சாதித்தது எதுவும் இல்லை, மாவட்டப் போட்டியோடு சரி. எங்களோடு ஒரு அண்ணன் இருந்தார், நல்ல கனத்த உடம்பு. அவர் ஹெவி பேக்கைக் குத்தினால் மேலே கொக்கி கிறீச்சிடும், கூரையிலிருந்து தூசு கொட்டும். அவரோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) என்றால் எல்லோருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அவர் அடியை நான் வாங்கி நின்றிருக்கிறேன். தோள் பின்னால் போகும்போதே வரப்போகிறது என்று தெரிந்துவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தை இறுக்கிக்கொள்வேன். க்ளவுஸ் மேலேயே பட்டாலும் ஒரு அடி பின்னால் தள்ளிவிடும், கை மரத்துப் போகும், அவ்வளவோடு போகும்.

என்னைக் கீழே போட்டது அவர் இல்லை. என்னைவிட எடை குறைந்த, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். இடது கையால் ஜாப் (நேர்க்குத்து) போடப் போகிறான் என்று நினைத்துத் தடுக்க என் வலது கையை முன்னால் கொண்டு போனேன், அவன் அதே இடது கையை வளைத்து ஹூக்காக (பக்கவாட்டுக் குத்து) போட்டான். வலியே இல்லை. சத்தம்கூடக் கேட்கவில்லை. திடீரென்று ரிங்கின் கேன்வாஸ் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அதன் வியர்வை நாற்றம் மூக்கில் ஏறியது, மாஸ்டர் எங்கேயோ தூரத்தில் இருந்து எண்ணுகிற மாதிரி இருந்தது. எழுந்து நின்றால் இடது கால் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

தாடை நுனியிலோ பக்கத்திலோ படும்போது தலை சட்டென்று திரும்புகிறது, உள்ளே மூளை அந்தத் திருப்பத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் குலுங்குகிறது. நாக்அவுட் பெரும்பாலும் அந்தத் திருப்பத்தால் வருவது. அடி வருவது தெரிந்தால் கழுத்து இறுகித் தலையை உடம்போடு பிடித்து வைக்கும், தெரியாவிட்டால் தலை தனியாகப் போகும். பேக்கிலும் மெஷினிலும் இதை அளக்க வழியில்லை, ஏனென்றால் பேக்குக்குக் கழுத்தும் கிடையாது, கண்ணும் கிடையாது.

பிப்ரவரி 9

மேலே சொன்னதை வைல்டருக்குப் பொருத்திப் பார்க்க நல்ல சண்டை போன நவம்பர் 23ஆம் தேதி நடந்த லூயிஸ் ஓர்டிஸ் மறுசண்டை. இன்று ஞாயிறு, மறுபடி முழுதாகப் பார்த்தேன். வீட்டில் "அதான் யார் ஜெயிச்சாங்கன்னு தெரியுமே" என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

ஆறு ரவுண்டு வரை மூன்று ஜட்ஜுகளிடமும் ஓர்டிஸ்தான் முன்னால். 59-55, 59-55, 58-56. வைல்டர் அடித்ததே சொற்பம். ஆனால் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள், அவருடைய இடது கையைப் பாருங்கள். தையல்காரர் டேப் பிடித்து அளக்கிற மாதிரி ஓர்டிஸின் முன்கை மேல், நெற்றிக்கு முன்னால், தோளுக்குப் பக்கத்தில் என்று இடது கையை நீட்டி நீட்டி எடுக்கிறார். அடிக்கவே இல்லை, தொடுகிறார். கூடவே காலை அரை அடி அந்தப் பக்கம், அரை அடி இந்தப் பக்கம் நகர்த்துகிறார். ஓர்டிஸ் இடதுகைக்காரர் என்பதால் அவருடைய வலது கை நடுவில் நிற்கிறது, அதைத் தாண்டி வழி வேண்டும். ஏழாவது ரவுண்டு முடிய இன்னும் சில நொடிதான் பாக்கி, அந்த இடது கை ஒருமுறை ஓர்டிஸின் பார்வையை மறைத்த மாதிரி வந்து விலகியது, விலகின வழியிலேயே நேராக வலது. பின்னால் இழுத்து ஓங்கவில்லை, சுழற்றவில்லை. ஓர்டிஸ் அப்படியே மல்லாந்தார். எழப் பார்த்தார், எண்ணிக்கை முடிந்துவிட்டது. 2 நிமிடம் 51 நொடி.

ஆறு ரவுண்டைத் தோற்றுக்கொண்டே ஒருத்தன் இவ்வளவு பொறுமையாக இருக்க வேண்டுமென்றால் அவனுக்குத் தன் கை மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்! "அவர்கள் 36 நிமிடமும் பிழையில்லாமல் இருக்க வேண்டும், எனக்கு ரெண்டு நொடி போதும்" என்ற அர்த்தத்தில் வைல்டர் திரும்பத் திரும்பச் சொல்வதை வாய்ச்சவடால் என்றுதான் முன்பு நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்ச்சவடால்தான், ஆனால் அவருடைய ஆட்டத் திட்டமே அதுதான்.

பிப்ரவரி 9, இரவு

ஸ்பில்கா நாக்அவுட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார் (2016 ஜனவரி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்களே, அது). அதில் பாதி வேலை ஸ்பில்கா செய்தது. இடது கையை வீசிக்கொண்டு முழு உடம்போடு உள்ளே பாய்ந்தார், எதிரே வைல்டரின் வலது வந்துகொண்டிருந்தது. ரெண்டு வேகமும் கூட்டல். அதை வைத்து வைல்டர் பலத்தை எடைபோடுவது முழு நியாயம் இல்லை.

பிப்ரவரி 11

எழுபதுகளின் பெரிய அடிக்காரர் எர்னி ஷேவர்ஸ் பெயர் வராமல் இந்தப் பேச்சு முடியாது, வந்துவிட்டது. வைல்டரா ஷேவர்ஸா என்று கேட்டால் நான் ஷேவர்ஸ் பக்கம். எழுபதுக்கும் மேலே வெற்றி, பெரும்பாலும் நாக்அவுட், அதுவும் ஹெவிவெயிட் பொற்காலத்தில். ஆனால் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. 1977 செப்டம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முகமது அலியோடு மோதினார். ரெண்டாவது ரவுண்டில் அலிக்கு நிஜமாகவே கலங்கிவிட்டது. அலி என்ன செய்தார் தெரியுமா, கலங்கியதைக் காட்டிக்கொள்ளாமல், கலங்கியது போல மிகையாக நடித்தார். ஷேவர்ஸ் அதை நம்பித் தயங்கிவிட்டார். பதினைந்து ரவுண்டு போய், அலி புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். ரெண்டு வருடம் கழித்து லேரி ஹோம்ஸை ஏழாவது ரவுண்டில் ஒரே வலதில் கீழே போட்டார் ஷேவர்ஸ், இனி எழமாட்டார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். எழுந்தார். பதினொன்றாவதில் ஷேவர்ஸ் கதை முடிந்தது.

ஷேவர்ஸின் அடி வெத்து என்று யாராவது சொல்வார்களா?

அலி பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. 1980 ஜனவரியில் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எங்கள் பெரியப்பா போய்ப் பார்த்திருக்கிறார். "ரெண்டு பேரும் கொஞ்சிக்கிட்டாங்கடா, ஒரு அடிகூட ஒழுங்கா விழலை" என்பார். அடுத்த நிமிடமே "ஆனா காலு இருக்கே, தரையில படவே இல்லை" என்பார். அப்போது அலிக்கு வயது முப்பத்தெட்டு, உடம்பும் போட்டிருந்தது, கால் எவ்வளவு தூரம் தரையில் படாமல் இருந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். பெரியப்பாவிடம் கேட்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

பிப்ரவரி 12

இல்லை, பழைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனைப் பற்றித் தனியாக எழுதப்போவதில்லை. ஃப்ரேசியரை ரெண்டு ரவுண்டில் ஆறு தடவை படுக்கப் போட்டவர், நார்ட்டனை ரெண்டு ரவுண்டில் முடித்தவர், கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது ரவுண்டில் தானும் விழுந்தார். எல்லோருக்கும் தெரிந்த கதை.

பிப்ரவரி 14

இப்போது தம்பியின் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். 2018 டிசம்பர் 1, லாஸ் ஏஞ்சல்ஸ், பன்னிரண்டாவது ரவுண்டு. "முழு அடி விழுந்தும் ஃப்யூரி எழுந்துவிட்டார், அப்போ அடியில் சரக்கு இல்லை."

முதலில் விழுந்ததைப் பாருங்கள். வலது பட்டு அவர் சரிந்துகொண்டிருக்கும்போதே இடது ஹூக்கும் வந்து சேர்ந்தது. மல்லாந்து, கை ரெண்டும் விரிந்து, கண் மேலே போய்விட்டது. வைல்டர் சண்டை முடிந்தது என்று ஆடவே ஆரம்பித்துவிட்டார். நடுவர் ஜாக் ரெய்ஸ் கையசைத்து முடித்திருந்தால் அன்றைக்கு யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் குனிந்து நிதானமாக எண்ணினார். ஐந்து, ஆறு வரைக்கும் பிணம். அப்புறம் யாரோ சுவிட்ச் போட்டது போல எழுந்து நின்று, அதே ரவுண்டின் கடைசியில் வைல்டரையே துரத்தினார். 115-111 வைல்டர், 114-112 ஃப்யூரி, 113-113. டிரா.

இதில் வைல்டர் அடியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. 256 பவுண்டு மனிதனை அந்த நிலைக்குக் கொண்டு போன அடி அது. இது ஃப்யூரியைப் பற்றிச் சொல்கிறது. 2013இல் ஸ்டீவ் கன்னிங்ஹாம் என்கிற, கீழ் எடைப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர், ஃப்யூரியைவிட நாற்பது பவுண்டுக்கு மேல் எடை குறைந்தவர், நியூயார்க்கில் ரெண்டாவது ரவுண்டில் ஃப்யூரியை மல்லாக்கப் போட்டார். ஃப்யூரி எழுந்து வந்து ஏழாவதில் அவரை முடித்தார். இந்த மனிதர் விழுவார். விழாத தாடை இல்லை அவருடையது. ஆனால் எழுந்த பிறகு தெளிகிற வேகம் இருக்கிறதே, அது சாதாரண விஷயம் கிடையாது, எனக்குத் தெரிந்து இன்றைக்கு ஹெவிவெயிட்டில் வேறு யாரிடமும் அது இல்லை.

ஆகவே தம்பி, நீங்கள் ஆராய வேண்டிய ஆள் மாறிப்போயிருக்கிறது.

பிப்ரவரி 16

ஃப்யூரி தன் பயிற்சியாளர் பென் டேவிசனை விட்டுவிட்டு டெட்ராய்ட்டுக்காரர் ஷுகர்ஹில் ஸ்டூவர்டைப் பிடித்திருக்கிறார். புகழ்பெற்ற பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்டின் மருமகன் (மாப்பிள்ளை இல்லை, நெஃப்யூ), க்ராங்க் ஜிம் வழி. அந்த ஜிம்மின் பாடமே முன்னால் போ, ஜாப் போடு, வலது கையால் தூக்கு என்பதுதான். ஃப்யூரியும் ரெண்டு ரவுண்டுக்குள் நாக்அவுட் செய்வேன் என்று பேசிக்கொண்டு திரிகிறார். கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போன முறை பன்னிரண்டு ரவுண்டும் நழுவி நழுவி ஆடி ஜெயிக்கிற நிலைக்கு வந்தவர், இப்போது தானாகவே அந்த வலது கையின் எதிரே போய் நிற்பாராம். சும்மா வைல்டர் மனதைக் குழப்பப் பேசுகிற பேச்சு, மணி அடித்ததும் பழைய ஆட்டம்தான் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 16, நள்ளிரவு

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. 2018 மார்ச்சில் நடந்த முதல் ஓர்டிஸ் சண்டையின் ஏழாவது ரவுண்டை எடுத்துப் பார்த்தேன். வைல்டர் நிஜமாகவே செத்துப் பிழைத்த ரவுண்டு அது. ஓர்டிஸ் முன்னால் வந்துகொண்டே இருக்கிறார், வைல்டர் கயிற்றுக்குப் பின்வாங்குகிறார். பின்வாங்கும்போது அந்த வலது கை எங்கே போனது? கிளம்பவே இல்லை. கிளம்பினாலும் வெறும் கைதான் வருகிறது, உடம்பு கூட வரவில்லை.

1980களில் சோவியத் ஆய்வாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். தேர்ந்த வீரர்களின் குத்தில் ஏறத்தாழ 38 சதவீதம் பின்னங்கால் தரையை உதைப்பதிலிருந்து வருகிறது, புதிதாகக் கற்கிறவர்களிடம் அது 17 சதவீதம்கூட இல்லை. மிச்சம் இடுப்புத் திருப்பமும் கையும். வைல்டருக்கு அந்த உதை வேண்டும், அதற்குக் கால் ஊன்ற இடம் வேண்டும், 83 அங்குல ரீச் (கைகளை விரித்தால் வரும் நீளம்) முழுதாக நீள எதிரே இடைவெளி வேண்டும். கிட்டே வந்து நெஞ்சோடு நெஞ்சாக நின்றால் அவரிடம் குட்டையான குத்து ஒன்றும் பெரிதாகக் கிடையாது, கட்டிப்பிடித்துக்கொள்வார். அவரிடம் நாக்அவுட் ஆன பட்டியலை இந்தக் கண்ணால் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் அவர் கை நீளத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தவர்கள், அல்லது நேர்க்கோட்டில் பின்னால் போனவர்கள். அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிற அளவு எடையும் உயரமும் உள்ள ஆளோடு முழுச் சண்டை அவர் ஆடியதே இல்லை. ஓர்டிஸுக்கு நாற்பதை நெருங்குகிற வயது, அந்த ஒரு ரவுண்டிலேயே பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

ஃப்யூரி ஆறடி ஒன்பது அங்குலம். அவர் முன்னால் வந்தால்? அப்படி வருவதில் அவருக்கும் ஆபத்து இருக்கிறது. உள்ளே நுழைய நடுவில் ஒரு அடி தூரத்தைக் கடந்தாக வேண்டும், அந்த ஒரு அடிதான் வைல்டரின் கொல்லை. ஸ்பில்காவும் அந்த இடத்தில்தான் விழுந்தார். மேலும் போன செப்டம்பரில் ஓட்டோ வாலினோடு மோதியபோது கிழிந்த கண்ணோரம், 47 தையல். அது மூன்றாவது ரவுண்டில் திறந்துகொண்டால் முன்னால் போகிற திட்டமெல்லாம் என்ன ஆகும்?

பிப்ரவரி 18

தம்பியின் புதுக் கேள்வி: "அப்போ வைல்டரின் அடிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?" கால் ஊன்றி, கை நீட்டி, எதிராளி பார்க்காமல் இருந்தால் பத்து. பின்னால் போகும்போது நாலு. கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது என் அடியும் அவர் அடியும் ஒன்றுதான்.

மதுரை நண்பர் ஒருவர் இதற்கு "உங்க அடி எவ்வளவுன்னு உங்க வீட்ல கேட்டுச் சொல்லவா" என்று எழுதியிருக்கிறார். பதிவு நீக்கப்படாது, அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 20

நேற்றைய பிரஸ் மீட்டில் மேடையிலேயே ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டார்கள். நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் எடைபார்க்கும்போது முகத்துக்கு முகம் நிற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. டிக்கெட் விற்கிற நாடகம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் பார்த்தது கால்களை. ஃப்யூரி தள்ளியபோது வைல்டர் பின்னால் போனார். மேடையில் ஷூ போட்டுக்கொண்டு தள்ளுவதை வைத்து ஜோசியம் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் கண் போய்விட்டது.

பிப்ரவரி 22, காலை

எடை வந்துவிட்டது. ஃப்யூரி 273, வைல்டர் 231. போன முறை 256½, 212½. ரெண்டு பேருமே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வைல்டருக்கு இதுவரைக்கும் இருந்ததிலேயே அதிக எடை இது.

இதைப் பார்த்ததும் "எடை கூடினால் அடியும் கூடும், ஃப்யூரி செத்தார்" என்று பலர் எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைல்டரின் அடி எடையில் இருந்து வந்ததே இல்லை. 212 பவுண்டில் ஃப்யூரியைப் பிணமாகப் படுக்கப் போட்ட கைக்கு இன்னும் 18 பவுண்டு எதற்கு? அந்தக் கை வேகத்தில் வந்தது, எதிராளி எதிர்பார்க்காத நொடியில் வந்தது. ஏற்றிய எடை அந்த மெல்லிய கால்களில்தான் உட்காரும். ஆறாவது ரவுண்டுக்கு மேல் அது தெரிந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் ஃப்யூரியின் 273 வேறு கதை, அது சாய்ந்து அழுத்துவதற்கு ஏற்றிய எடை. நழுவி ஆடப்போகிறவன் பதினாறு பவுண்டு கூட்டிக்கொண்டு வரமாட்டான். அந்த மனிதர் சொன்னதை நிஜமாகவே செய்யப்போகிறாரோ என்று முதல் தடவையாக எனக்கு உதறல் எடுக்கிறது.

என் கணிப்பைக் கேட்டு நச்சரிப்பவர்களுக்கு: பன்னிரண்டு ரவுண்டு போனால் ஃப்யூரி, புள்ளிக் கணக்கில் தெளிவாக. நடுவில் முடிந்தால் வைல்டர், எட்டுக்கும் பத்துக்கும் இடையில். ஃப்யூரி நாக்அவுட்டில் ஜெயிப்பார் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. பந்தயம் கட்டச் சொன்னால் ஃப்யூரி மேல் கட்டிவிட்டு, ரவுண்டுக்கு ரவுண்டு வைல்டரின் வலது காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கை கிளம்புவதற்கு முன்னால் கால் சொல்லிவிடும்.

தம்பி, நாளைக் காலை பத்தரைக்கெல்லாம் டிவி முன்னால் இருங்கள், நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை. மட்டன் வாங்கப் போகிறவர்கள் எட்டு மணிக்கே போய்வந்துவிடுங்கள். முதல் ரவுண்டிலேயே முடிந்து தொலைத்தால் என்னிடம் வந்து கேட்கக் கூடாது.